காம்பஸுக்கு ஒரு சும்மாடு

தலையில் தண்ணீர்க் குடத்தைச் சுமந்து கொண்டு வரப்பின் மேல் நடந்து வரும் பெண்மணியை நேயர்களில் பலர் பார்த்திருப்பார்கள். அவள் நடையில் ஏற்றத் தாழ்வு உண்டு. குடத்து நீரிலோ அவ்வளவு அலைச்சல் இல்லை. பழகிய கழுத்தும் இடுப்பும் அதற்குப் பெரும் காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் தலைக்கும் குடத்துக்கும் நடுவில், புடைவைத் துண்டைச் சுருட்டி வைத்த சும்மாடு ஒன்று இருக்கிறதே, அதன் பெருமையை நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. சும்மாடு குடத்தை இறுக்கிப் பிடிப்பதில்லை, பிடிக்காமலே தாங்குகிறது.

இந்தச் சும்மாட்டின் தத்துவத்தை நான் கற்றுக்கொண்டது ஒரு விமானக் கொட்டகையில். எப்படி என்று சொல்கிறேன்.

என் தமக்கையின் மகன் விமானம் ஓட்டப் பழகி வருகிறான். சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் இரவு தொலைபேசியில் கூப்பிட்டான். குரலில் வழக்கமான உற்சாகம் இல்லை.

"மாமா, இன்று நான் தனியாகப் போனேன். வழி தப்பிவிட்டது. அம்மாவிடம் சொல்ல வேண்டாம்" என்றான்.

நடந்தது இதுதான். படத்தையும் கடிகாரத்தையும் காம்பஸையும் துணைகொண்டு 120 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஓர் ஊரின் மேல் பறந்துவிட்டுத் திரும்பி வர வேண்டும் என்பது அவனுக்கு இட்ட பரீட்சை. முக்கால் மணி நேரம் பறந்த பிறகு, ஏரியும் ரயில் நிலையமும் தென்பட வேண்டிய இடத்தில் ஒரு கரட்டுக் குன்றுதான் தென்பட்டது. ஊர் எங்கே என்று தேடினால் ஊரைக் காணோம். நல்ல வேளையாக அவன் பதறவில்லை. கண்ணுக்கு எட்டிய தூரத்தில் ஒரு ரயில் பாதை இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தான். கீழே இறங்கிக் கணக்குப் பார்த்ததில், போக வேண்டிய இடத்துக்கு 20 கிலோமீட்டர் அப்பால் போயிருந்தான்.

"காம்பஸ் என்ன சொல்லிற்று?" என்று கேட்டேன்.

"அது எங்கே சொல்லிற்று? சாமியாடியைப் போல் ஆடிக்கொண்டே இருந்தது. நடுவே எது என்று நானாக ஒரு எண்ணை ஊகித்து எடுத்துக்கொண்டேன்!" என்றான்.

விமானிகள் வழக்கில் ஒரு கணக்கு உண்டு. ஒரு பாகை திசை தவறினால் 60 மைலுக்கு ஒரு மைல் விலகிப் போவோம். 10 பாகை தவறினால் ஆறில் ஒரு பங்கு. 120 கிலோமீட்டருக்கு 20 கிலோமீட்டர் என்றால், பையன் ஏறக்குறைய 10 பாகை தவறியிருக்கிறான். பகல் வெளிச்சமும் ரயில் பாதையும் இருந்தபடியால் பிழைத்தான். மேகமும் மாலை மங்கலும் சேர்ந்திருந்தால் இந்தப் பத்தியை நான் இவ்வளவு நிதானமாக எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

"இந்தக் காலத்தில் வானத்துச் செயற்கைக்கோள்களே வழி சொல்லுகின்றனவே, காம்பஸ் எதற்கு?" என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. செயற்கைக்கோள் கருவிக்கு மின்சாரம் வேண்டும். விமானியின் முன்னால் உள்ள ஜைரோ என்னும் சுழலிக்குக் காற்றிழுக்கும் பம்போ மின்சாரமோ வேண்டும். அப்படியும் அந்தச் சுழலி மெள்ள மெள்ள விலகும் குணமுடையது. 15 நிமிஷத்துக்கு ஒரு முறை காம்பஸைப் பார்த்து அதைத் திருத்தி வைக்க வேண்டும். காம்பஸோ யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. பூமியே அதற்கு எஜமானன். எல்லாம் ஓய்ந்துபோன பின்பும் வேலை செய்வது அது ஒன்றுதான். ஆகையினால்தான் இன்றும் ஒவ்வொரு சிறு விமானத்திலும் அதற்கு ஓர் இடம் உண்டு. என் மருமான் செய்த பிழையின் வேரும் இங்கேதான் இருந்தது. நடுங்கிய காம்பஸைப் பார்த்துச் சுழலியைத் திருத்தினான். பிறகு அந்தச் சுழலியைப் பரிபூரணமாக நம்பினான்!

*

அடுத்த வாரம் நான் அந்த விமான நிலையத்துக்குப் போனேன். கொட்டகையில் ஒரு பெரியவர் இருந்தார். லைஸென்ஸ் பெற்ற விமான என்ஜினீயர். தலை முழுவதும் நரை. அவர் கையெழுத்திட்டால்தான் அந்த விமானங்கள் தரையை விட்டுக் கிளம்பலாம். என் மருமான் தன் கதையைச் சொல்லி, "ஐயா, காம்பஸைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கிப் போட்டால் என்ன?" என்றான்.

பெரியவர் சிரித்தார். "தம்பி, நாற்காலி ஆடினால் அதில் உட்கார்ந்திருப்பவரை மாற்றுவதா? முதலில் ஆடுவது யார் என்று பார்ப்போம்."

விமானக் காம்பஸின் அமைப்பு மிகவும் எளியது. சுத்திகரித்த மண்ணெண்ணெய் போன்ற ஒரு திரவம் நிரம்பிய சிறு கிண்ணம். அதற்குள் ஒரு மிதவை. மிதவையின் அடியில் காந்தத் துண்டுகள். அதைச் சுற்றிப் பாகைகள் எழுதிய வளைந்த அட்டை. மிதவையின் நடுவிலுள்ள எஃகு முனை, கடினமான கண்ணாடி மணியில் குடைந்த ஒரு குழியில் நிற்கிறது. திரவம் அட்டையின் கனத்தைக் குறைக்கிறது; ஆட்டத்தையும் அடக்குகிறது. கண்ணாடி முகப்பில் உள்ள செங்குத்துக் கோட்டுக்கு நேரே எந்த எண் வருகிறதோ, அதுவே விமானம் நோக்கியிருக்கும் திசை.

பெரியவர் முதலில் என்ஜினை ஓட்டாமலே இரண்டு சோதனைகள் செய்தார். கிண்ணத்தில் காற்றுக் குமிழி இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தால் திரவம் கசிந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது அட்டைக்குக் கடிவாளம் இல்லை. குமிழி இல்லை. பிறகு ஒரு சிறு காந்தத்தை அருகில் கொண்டுபோய் அட்டையைச் சிறிது விலக்கி, காந்தத்தை அப்பால் எடுத்துக்கொண்டார். அட்டை திரும்பி வந்து பழைய எண்ணிலேயே நின்றது. முனையும் குழியும் தேயவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

"காம்பஸ் ஆரோக்கியமாகத்தான் இருக்கிறது" என்றார்.

அப்புறம் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, பயிற்சி ஆசிரியர் என்ஜினை ஓட்டினார். நான் பின் ஆசனத்தில் உட்கார்ந்திருந்தேன். வேகம் ஏற ஏற அட்டையின் எண்கள் மங்கத் தொடங்கின. நிமிஷத்துக்கு 2,200 சுற்றை நெருங்கும்போது எண்களையே காணோம். வெள்ளைப் பட்டை ஒன்றுதான் தெரிந்தது. பலகையிலிருந்த மற்றக் கருவிகளின் முட்களோ அடக்கமாகவே இருந்தன. ஆகவே என்ஜின் மீதோ, சுழல் விசிறி மீதோ பெரிய குற்றம் சொல்வதற்கில்லை. அப்போது பெரியவர் ஆள்காட்டி விரலை நீட்டிக் காம்பஸின் தலைமேல் மெதுவாக வைத்தார். மந்திரம் போட்டாற்போல் எண்கள் தெளிந்தன! விரலை எடுத்தார், மறுபடியும் மங்கின.

குற்றவாளி அகப்பட்டுவிட்டான். காம்பஸ் அல்ல, என்ஜின் அல்ல; நடுவே இருந்து அதைத் தாங்கிக்கொண்டிருந்த பொருள்.

*

அதைக் கழற்றிப் பார்த்தோம். முன் கண்ணாடியின் நடுவே ஒரு மெல்லிய அலுமினியத் தாங்கி. அதற்கும் காம்பஸுக்கும் இடையில் ரப்பர் வளையங்கள். ரப்பர் என்று பெயர்தான். பல கோடைகளின் வெயிலைக் கண்ணாடி வழியாகக் குடித்து, கொட்டைப் பாக்குப் போல் இறுகிப் போயிருந்தன. நகத்தால் அழுத்தினால் நகம்தான் வலித்தது.

அதைவிட விசேஷம், திருகாணிகள். நாலில் மூன்று பித்தளை. நாலாவது வேறு நிறம். பெரியவர் தம் காந்தத்தை நீட்டினார். திருகாணி ஓடிவந்து ஒட்டிக்கொண்டது. இரும்பு! காம்பஸுக்கு இரண்டு அங்குல தூரத்தில் இரும்பு! என்றோ ஒரு நாள் யாரோ ஒருவர், காம்பஸ் ஆடுகிறதே என்று நல்ல எண்ணத்துடன், கைக்குக் கிடைத்த திருகாணியைப் போட்டுக் கதவுக் கீலை முடுக்குவதுபோல் முடுக்கியிருக்கிறார். ஆட்டம் நிற்கவில்லை, அதிகமாயிற்று. போதாக்குறைக்கு, காந்தத்துக்குத் துர்ப்போதனை செய்ய ஒரு துணையும் வந்து சேர்ந்தது. நடுங்கியதால் வந்த பிழை கொஞ்சம்; இரும்பு இழுத்ததால் வந்த பிழை கொஞ்சம். இரண்டும் சேர்ந்துதான் என் மருமானைக் கரட்டுக் குன்றுக்கு அழைத்துப் போயிருக்கின்றன.

இறுக்கினால் ஆட்டம் ஏன் அதிகமாக வேண்டும்? இங்கேதான் விஷயத்தின் சுவாரஸ்யம் இருக்கிறது.

கூடத்து ஊஞ்சலைத் தள்ளிப் பாருங்கள். ஊஞ்சலுக்கென்று ஒரு காலம் உண்டு. அந்தக் காலத்தோடு ஒத்துத் தள்ளினால் ஒரு குழந்தைகூட அதை உயர உயர ஆட்டிவிடலாம். காலம் தப்பிப் படபடவென்று தள்ளினால், பெரிய ஆள் தள்ளினாலும் அது முரண்டு பிடித்து ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்கும். ரப்பரின் மேல் உட்கார்ந்திருக்கும் காம்பஸும் ஓர் ஊஞ்சல்தான். அதற்கும் சொந்தமாக ஒரு தாளம் உண்டு. என்ஜின்தான் தள்ளுகிறவன்.

நிமிஷத்துக்கு 2,400 சுற்று என்றால் விநாடிக்கு 40 தள்ளு. நாலு சிலிண்டர் என்ஜினில் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு வெடிப்பு. ஆகவே விநாடிக்கு 80 தள்ளும் கூடவே உண்டு. காம்பஸின் சொந்தத் தாளம் இவற்றுக்கு மிகவும் கீழே இருக்குமானால் அது அசையாது. காலம் தப்பித் தள்ளிய ஊஞ்சலாகிவிடும். தள்ளும் தாளம் சொந்தத் தாளத்தைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேல் போனால்தான் ரப்பரால் நன்மை. அதற்குக் கீழே ரப்பர் உதவி செய்வதற்குப் பதில் உபத்திரவமே செய்யும்.

சொந்தத் தாளத்தை அறிய ஓர் எளிய வழி இருக்கிறது. காம்பஸின் கனத்தால் ரப்பர் எவ்வளவு அமுங்குகிறது என்று பார்த்தால் போதும். ஒரு மில்லிமீட்டர் அமுங்கினால் தாளம் விநாடிக்குச் சுமார் 16. கால் மில்லிமீட்டர்தான் அமுங்குகிறது என்றால் 32. ரப்பர் இன்னும் இறுகி, அமுங்கல் இன்னும் குறைந்தால், தாளம் ஏறி ஏறி 40-ஐத் தொட்டுவிடும். தொட்ட இடத்தில் என்ஜின் காத்துக்கொண்டிருக்கிறது! இப்போது விளங்குகிறதல்லவா? புது ரப்பராக இருந்தபோது 16-இல் இருந்த தாளத்தை, வெயிலும் வயதும் மெள்ள மெள்ள உயர்த்திக் கொண்டுவந்து, என்ஜினின் தாளத்தோடு சேர்த்துவிட்டன. மீதியைத் திருகாணியை முடுக்கிய அன்பர் செய்து முடித்தார். நசுங்கிய ரப்பர் ரப்பரே அல்ல.

"அப்படியானால் மிகவும் மிருதுவான ரப்பராகப் போட்டுவிடலாமே?" என்று நான் கெட்டிக்காரத்தனமாகக் கேட்டேன்.

"போடலாம் ஸார். காற்றில் விமானம் குலுங்கும்போது காம்பஸ் தொட்டில் போல ஆடி முன் கண்ணாடியில் முட்டிக்கொள்ளும். அதற்கும் ஓர் அளவு உண்டு" என்றார் பெரியவர்.

*

இந்த நடுக்கம் இன்று நேற்று வந்ததன்று. 1914-ஆம் வருஷத்து மகா யுத்தத்தின்போதே விமானிகள் காம்பஸை நம்பி மேகத்தில் புகுந்து, திசை கெட்டுத் திண்டாடினார்கள். கப்பலில் சாதுவாக இருந்த காம்பஸ் விமானத்தில் ஏறியதும் பித்துப் பிடித்தாற்போல் நடந்துகொண்டது. இங்கிலாந்தில் பார்ன்பரோ என்னுமிடத்திலிருந்த அரசாங்க விமானத் தொழிற்சாலையில் இதை ஆராய முற்பட்டவர்களில் முக்கியமானவர் கீத் லூகாஸ். அவர் விமானி அல்லர்; மாலுமியும் அல்லர். கேம்பிரிட்ஜில் நரம்புகளையும் தசைகளையும் பற்றி ஆராய்ந்த உடலியல் விஞ்ஞானி. தவளையின் தசை நார் துடிப்பதைப் பதிவு செய்ய நுட்பமான கருவிகளைத் தாமே செய்து பழகியவர். துடிப்பை அளக்கும் கருவி தானே துடிக்கக் கூடாது என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர் யார்?

விமானத்தின் அதிர்ச்சியால் காம்பஸ் தடுமாறுவதை அவர் ஆராய்ந்தார். விமானம் சாய்ந்து திரும்பும்போது காம்பஸ் பொய் சொல்வதன் காரணத்தையும் ஆராய்ந்தார். பூமியின் காந்த சக்தி வட நாடுகளில் கீழ்நோக்கிச் சரிந்திருக்கிறது. விமானம் சாயும்போது அந்தச் சரிவு அட்டையைப் பக்கவாட்டில் இழுத்துவிடுகிறது. நம் தென்பாண்டிச் சீமையை ஒட்டிக் காந்த பூமத்திய ரேகை செல்லுவதால், இந்தப் பக்கத்து விமானிகளுக்கு அந்தத் தொல்லை மிகக் குறைவு. அதிர்ச்சியின் தொல்லைக்கு மட்டும் தேச பேதம் கிடையாது! அந்தக் காலத்துக் காம்பஸ்கள் சிலவற்றைக் குதிரை மயிர்ப் படுக்கையின் மேல் உட்கார வைத்திருந்தார்கள். நம் வீட்டுப் பானைக்குப் பிரிமணை போலத்தான்.

லூகாஸ் ஆராய்ச்சிச் சாலையோடு நின்றுவிடவில்லை. தாமே விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார். 1916-ஆம் வருஷம் அக்டோபர் 5-ஆம் தேதி, சாலிஸ்பரி சமவெளியின் மேல் அவருடைய விமானமும் மற்றொரு விமானமும் மோதின. அவர் உயிர் நீத்தார். வயது 37. அவர் பாதியில் விட்ட நரம்பு ஆராய்ச்சியைத் தொடர்ந்த மாணாக்கர் ஏட்ரியன் 1932-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். காம்பஸ் திருத்தம் பற்றிய ஆராய்ச்சிக்குப் பரிசுகள் இல்லை. பத்திரமாகத் திரும்பி வந்தவர்களே அதற்குப் பரிசு.

காம்பஸ் கைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உலகப் பிரசித்தமான ஒருவரே உதாரணம். 1927-இல் தன்னந்தனியாக அட்லாண்டிக் கடலைக் கடந்த லிண்ட்பர்க், தம் திரவக் காம்பஸைத் தலைக்கு மேலே பொருத்தி, ஒரு சிறு முகம் பார்க்கும் கண்ணாடியின் வழியாக அதைப் படித்துக்கொண்டு போனார். பாரிஸ் போய்ச் சேர்ந்தார். அடுத்த வருஷம் பிப்ரவரி மாதத்தில் ஹவானாவிலிருந்து செயிண்ட் லூயிக்கு அதே விமானத்தில் இரவில் கிளம்பினார். விமானத்திலிருந்த இரண்டு காம்பஸ்களும் ஒரே சமயத்தில் தாறுமாறாயின. பொழுது விடிந்து பார்த்தபோது பஹாமா தீவுகளின் பக்கம், வழியை விட்டு ஏறக்குறைய 300 மைல் விலகியிருந்தார்! அவருக்கே அந்தக் கதியானால், பயிற்சி பெறும் பையனை நாம் கோபித்து என்ன பயன்?

*

இனி நம் கொட்டகைக்குத் திரும்புவோம். பெரியவர் செய்த சிகிச்சை அரை மணி நேரத்து வேலை. அந்த விமானத்துக்கென்று விதித்த அளவில் புது ரப்பர் வளையங்கள் போட்டார். ஒவ்வொரு வளையத்தின் நடுவிலும் ஒரு சிறு பித்தளைக் குழல். திருகாணியை எவ்வளவு முடுக்கினாலும் அந்தக் குழல்தான் அழுத்தத்தை ஏற்கும், ரப்பர் நசுங்காது. பின்னால் வரப்போகும் பலசாலிகளிடமிருந்து ரப்பரைக் காப்பாற்ற அதுவே கவசம். நாலு திருகாணிகளும் பித்தளையே. காம்பஸின் சிறு விளக்குக்குச் செல்லும் இரட்டைக் கம்பி வீணைத் தந்தி போல் விறைப்பாக இருந்ததையும் அவர் கவனிக்கத் தவறவில்லை. அதைத் தளர்த்தி விட்டார். "ரப்பர் தடுத்ததைக் கம்பி கொண்டுபோய்க் கொடுத்துவிடும்" என்றார். கம்பிகள் இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கியும் விட்டார். அப்படிச் செய்தால் மின்சாரம் உண்டாக்கும் காந்த சக்திகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்.

என்ஜினை மறுபடி ஓட்டினார்கள். கிளம்பும்போது மெதுவான வேகத்தில் அட்டை ஒரு குலுக்குக் குலுக்கியது. நான் திடுக்கிட்டேன். "அது இருக்கத்தான் செய்யும். தாளத்தைக் கடந்து போகும் நேரம் அது" என்றார். வேகம் ஏறிற்று. 1,500, 1,800, 2,200. எண்கள் கல்லில் வெட்டினாற்போல் நின்றன.

என் மருமான் கை கொட்டினான். ஆனால் பெரியவர் கையெழுத்துப் போடவில்லை. "நடுக்கம் நின்றது. நிஜம் சொல்கிறதா என்று பார்க்க வேண்டாமா?" என்று சொல்லி, தரையில் திசைகள் குறித்திருந்த வட்டத்துக்கு விமானத்தைக் கொண்டுபோகச் செய்தார். என்ஜினும் ரேடியோவும் ஓடிக்கொண்டிருக்க, 30 பாகைக்கு ஒன்றாகப் பன்னிரண்டு திசைகளிலும் விமானத்தைத் திருப்பி நிறுத்தி, ஒவ்வொன்றிலும் காம்பஸ் என்ன சொல்கிறது என்று எழுதிக்கொண்டார். வடக்கிலும் கிழக்கிலும் கண்ட பிழையைப் பித்தளைத் திருப்புளியால் திருத்தினார். தெற்கிலும் மேற்கிலும் எஞ்சியதைப் பாதியாகக் குறைத்தார். போக்க முடியாமல் மிஞ்சிய இரண்டொரு பாகைகளை ஒரு சிறு சீட்டில் எழுதிக் காம்பஸின் அடியில் செருகினார். எனக்கு மிகவும் பிடித்தது அந்தச் சீட்டுத்தான். தன்னிடம் உள்ள பிழை இவ்வளவு என்று எழுதி, எல்லோரும் பார்க்கும்படி வைத்துக்கொண்டு வேலை செய்யும் கருவி வேறு எது?

அப்புறம்தான் விமானத்தின் குறிப்புப் புத்தகத்தில் செய்த வேலையை எழுதிக் கையெழுத்திட்டார்.

பத்து நாள் கழித்து என் மருமான் அதே பரீட்சைக்குப் போனான். ஏரியும் ரயில் நிலையமும் இருக்க வேண்டிய இடத்தில், இருக்க வேண்டிய நேரத்துக்கு இரண்டு நிமிஷம் முன்பின்னாகத் தென்பட்டனவாம். இப்போது தன் தாயாரிடம் பழைய கதையையும் சேர்த்துச் சொல்லிவிட்டான். என்மீதுதான் தமக்கைக்குக் கோபம். பத்து நாள் மறைத்து வைத்தேனாம்.

கழற்றிய பழைய ரப்பர் வளையங்களில் ஒன்றைப் பெரியவர் என் கையில் கொடுத்தார். இந்தப் பத்தியை எழுதும்போது அது என் மேஜைமேல் இருக்கிறது. வீட்டிலும் வெளியிலும் எது ஆடினாலும் உடனே திருப்புளியைத் தேடி ஓடும் வழக்கம் எனக்கு உண்டு. இப்போதெல்லாம் ஓடுவதற்கு முன் அந்த வளையத்தை ஒரு தரம் நகத்தால் அழுத்திப் பார்க்கிறேன்.